உறுமவே தெரியாத நாயாகத் திருப்பித் தந்தார்கள்

குட்டியைப் பயிற்சி விடுதியில் விடலாமா என்று யோசிப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அவசரத்துக்கான வலியை நான்கு மாதக் குட்டி ஒன்று அனுபவித்தது.

முத்து கையைக் கடித்தான், செருப்பைக் குதறினான், கூடத்தில் சிறுநீர் கழித்தான். அந்த வயதில் 28 பால்பற்களும் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்தாக வேண்டும். ஈறு குறுகுறுக்கும் குட்டி எதையாவது கடித்துக்கொண்டுதான் இருக்கும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்குவதும் அதற்குக் கடினம். இதெல்லாம் தெரியாமல், என் குட்டியிடம் ஏதோ குறை இருப்பதாக நினைத்துப் பயிற்சியாளரைத் தேடிப் போனேன்.

"ஒரே மாதம். சொன்ன சொல் கேட்கும் நாயாகத் தருகிறேன், உத்தரவாதம்" என்றார். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். இடையில் பார்க்க வரக் கூடாது, வந்தால் குட்டியின் கவனம் சிதறும் என்றார். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருந்தேன். அதைக் கேட்கவே இல்லை. பத்துப் பதினைந்து நாய்கள் அடுத்தடுத்த கூண்டுகளில் இருக்கும் இடம் அது. அந்த நிமிடமே திரும்பி வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். முத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. இப்போது அதே வீடியோவைப் பார்க்க மனம் வரவில்லை. காது பின்னால் படிந்திருக்கிறது, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறான், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுகிறான், கடைக்கண்ணில் வெண்மை தெரிகிறது. பயந்த நாயின் அடையாளங்கள் அத்தனையும் அதில் இருந்தன. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

மாதம் முடிந்து அழைத்து வந்த அன்று கழுத்துப் பட்டையை அவிழ்த்தேன். அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. தோலில் சம இடைவெளியில், தைத்தது போல வரிசையாகப் பொருக்குகள். கேட்டதற்கு உண்ணிக் கடி என்றார் பயிற்சியாளர். உண்ணி இப்படி வரிசை பிடித்துக் கடிக்காது, இது உள்பக்கம் கம்பி முட்கள் உள்ள முள்பட்டை அழுத்திய தழும்பு என்றார் கால்நடை மருத்துவர். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வேறு. நாய்களை நெருக்கமாக அடைத்து வைக்கும் இடங்களில் எளிதில் தொற்றும் இருமல் அது.

அன்று இரவு விளக்கைப் போடக் கையை உயர்த்தினேன். முத்து தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டான். பயிற்சியாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அது பயம் இல்லை, மரியாதை. கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவர் என்று இப்போது புரிந்துகொண்டிருக்கிறது" என்று பதில் வந்தது.

இந்தத் தலைவர் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். ரூடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து அது வேர்விட்டிருக்கிறது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் அந்தப் பழைய கதையை வைத்துக் குட்டிகளின் கழுத்தை இறுக்குகிறார்கள்.

ஒன்பதாம் நாள், முத்து சாப்பிடும்போது என் மகள் குனிந்து தடவப் போனாள். ஒரு சத்தமும் இல்லை. மணிக்கட்டில் பல் இறங்கிவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

"முன்பு உறுமுவானா?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர். தட்டருகே போனால் உறுமுவான் என்றேன். "இப்போது?" ஒருமுறைகூட இல்லை. "உறுமியபோதெல்லாம் தண்டித்திருப்பார்கள். பயம் அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லும் வாயைத்தான் அடைத்திருக்கிறார்கள்" என்றார்.

பணம் திரும்பி வரவில்லை. நாயின் நடத்தைக்குப் பொறுப்பில்லை என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள்.

பல நாடுகளில் எந்தத் தகுதியும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தன்னை நாய்ப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: குட்டி தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நல்லவர் தடுப்பூசி அட்டையைக் கேட்பார், உங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தருவார், உத்தரவாதம் தர மாட்டார்.

ஐந்து மாதமாக நானே பழக்குகிறேன். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவதில்லை. தாடைக்குக் கீழே நீட்டி, அவனாக வரும்வரை காத்திருக்கிறேன். சாப்பிடும்போது தூரத்திலிருந்தே அவனுக்குப் பிடித்த துண்டு ஒன்றை வீசிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நேற்று மாலை கவனிக்காமல் தட்டுக்கு அருகே போய்விட்டேன். தொண்டைக்குள் மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. இரண்டடி பின்வாங்கி நின்றேன். முத்து என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினான்.