பழைய கம்ப்யூட்டரைச் சர்வர் ஆக்குகிறீர்களா? "புதிய" ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் உஷார்

புதியது என்று விற்கப்பட்ட இரண்டு 8 டிபி ஹார்ட் டிஸ்க்குகள். கைக்கு வந்தவையோ மூன்று ஆண்டுக்கு மேல் எங்கேயோ இரவு பகலாக ஓடித் தேய்ந்தவை. விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் பலர், ஒருவரைத் தவிர்த்து இன்னொருவரிடம் போய் மாட்டுவதால் பயன் இல்லை. ஆனால் ரிட்டர்ன் கேட்டபோது வந்த பதிலைச் சொல்லியாக வேண்டும்: "உங்க சிஸ்டம் ரொம்ப பழசு சார். டிஸ்க்ல ஒண்ணும் இல்ல, மதர்போர்டுதான் சப்போர்ட் பண்ணல."

சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பைச் சர்வராக மாற்றுகிறவர்களிடம் இந்தப் பதில் நன்றாக எடுபடும். பத்து வருஷ மெஷின் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கோளாறையும் அதன் தலையில் கட்டிவிடலாம். சில நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். ஆகவே எது மெஷினின் குற்றம், எது டிஸ்க்கின் குற்றம் என்று ஆதாரத்தோடு பிரித்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள்.

முதலில் மெஷின் பக்கம். டிஸ்க் சுற்றவே இல்லை, பயாஸிலும் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தெரியவில்லை என்றால் செத்துப்போனது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சர்வர் ரக டிஸ்க்குகள் பலவற்றில், சாட்டா (டிஸ்க்கை மாட்டும் வழக்கமான இணைப்பு வகை) பவர் இணைப்பின் 3-ஆவது பின்னில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். சாட்டா 3.3 வரையறையோடு வந்த வசதி இது. பழைய பவர் சப்ளைகளோ அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை எந்நேரமும் தந்துகொண்டிருக்கும். கேப்டான் டேப்பை (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மெல்லிய பட்டையாக வெட்டி டிஸ்க்கின் அந்தப் பின்னை மூடினால் போதும். மொலெக்ஸிலிருந்து (பவர் சப்ளையின் பழைய நான்கு பின் இணைப்பு) சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் உதவும், ஏனென்றால் மொலெக்ஸில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் தலைப்பகுதியைப் பிளாஸ்டிக்கில் வார்த்துச் செய்த மலிவுக் கேபிள் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கவ்விப் பொருத்தப்பட்டது கண்ணுக்குத் தெரியும் வகையைப் பாருங்கள்.

கொள்ளளவு குறைந்து தெரிவதும் பெரும்பாலும் பழமையின் கோளாறுதான். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் இடையில் பழைய யூஎஸ்பி உறையோ பழைய டிரைவரோ 32 பிட்டில் எண்ண முடிந்தவரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறையான எம்பிஆர் பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் போகாது, புதிய முறையான ஜிபிடி போட வேண்டும். பயாஸுக்கு ஜிபிடியிலிருந்து பூட் ஆகத் தெரியாவிட்டாலும் கவலையில்லை; சிஸ்டத்தை ஒரு சின்ன எஸ்எஸ்டியில் வைத்து, பெரிய டிஸ்க்கை டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி டிஸ்க் பக்கம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க, ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையை மைனஸ் எக்ஸ் (-x) போட்டு ஓட்டுங்கள். யூஎஸ்பி வழியாக இணைத்திருந்தால் மைனஸ் டி சாட் (-d sat) என்றும் சேர்க்க வேண்டியிருக்கும், ஆனாலும் நேரடிச் சாட்டா இணைப்புதான் நம்பகமானது. வரும் பட்டியலில் விற்றவரோடு வாதாடத் தேவையான எண்கள் இரண்டு கட்சியாக நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு, அந்த வரியின் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். 199 (தகவல் கடத்தும்போது வந்த பிழைகள்) ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிள் மேல். கேபிளை மாற்றினால் அந்த எண் குறையாது, ஏறுவது மட்டும் நிற்கும். மெஷினை அணைக்காமலே 192 ஏறுகிறது என்றால் பவர் நடுவில் அறுந்துபோகிறது. 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கப்பாசிட்டர் உப்பிய பழைய சப்ளை அதைத் தாங்காது. இந்த இரண்டுக்கும் டிஸ்க்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 5, 197, 198 ஆகியவற்றில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் கதை வேறு. செக்டர் என்பது தட்டில் தகவல் பதியும் சிறு துண்டு. இவை முறையே மாற்றப்பட்ட செக்டர்கள், மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள், படிக்கவே முடியாத செக்டர்கள். மதர்போர்டு எவ்வளவு பழசாக இருந்தாலும் தட்டில் செக்டரைக் கெடுக்காது. ஓட்டத்தின் நடுவே பவர் அறுந்தால் 197 ஒன்றிரண்டு ஏறலாம். அதனால் 192 அசையவில்லை என்பதையும் சேர்த்தே காட்டுங்கள்.

இந்த ஏமாற்றில் அந்த மூன்றும் பூஜ்யமாகத்தான் இருந்தன. 9-ஆவது எண்ணான ஓடிய நேரம் 4 மணி. பார்த்தால் புத்தம் புதுசு. சந்தேகத்தைக் கிளப்பியது சாட்டா இணைப்பின் தங்கப் பூச்சில் இருந்த கோடுகள், ஒருமுறையாவது செருகி எடுத்த தடம். பக்கவாட்டுத் திருகுத் துளைகளின் வாயிலும் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆலைச் சோதனையிலும் செருகியிருக்கலாமே என்பார்கள். சரி, திருகு போட்டது யார்?

ஸ்மார்ட் கணக்கை அழிப்பதற்குக் கருவிகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. அழிக்கிறவர்கள் மறந்துவிடும் இடங்களில்தான் பிடிபடுவார்கள். ஸீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு உண்டு. ஸ்மார்ட்சிடிஎல்லில் மைனஸ் எல் ஃபார்ம் (-l farm) என்று கேட்டால் வரும், ஆனால் 7.4 பதிப்பிலிருந்துதான். டெபியன் 12 என்ற லினக்ஸில் இருப்பது 7.3, அதில் இந்தக் கட்டளை புரியாது. புதிய லைவ் யூஎஸ்பியிலிருந்து (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து பாருங்கள். இங்கே ஃபார்ம் சொன்னது 27,412 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் எண்ணும் ஃபார்ம் எண்ணும் ஒன்றிரண்டு மணி முன்பின் இருப்பது சகஜம், இவ்வளவு இடைவெளிக்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. 2025 தொடக்கத்தில் இதே முறையில் புதியவை என்று விற்கப்பட்ட ஸீகேட் டிஸ்க்குகள் பல நாடுகளில் பிடிபட்டன. அவற்றில் 15,000 முதல் 50,000 மணி வரை ஃபார்ம் காட்டியது. டிஸ்க் இடத்தைக் கொண்டு ஈட்டும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடி முடித்தவை என்று அப்போது பேசப்பட்டது.

மற்ற கம்பெனி டிஸ்க்குகளில் ஃபார்ம் இல்லை. அங்கே மைனஸ் எல் டெவ்ஸ்டாட் (-l devstat) போட்டு வரும் மணிக்கணக்கை 9-ஆவது எண்ணோடும், 240-ஆவது எண் (படிக்கும் தலை இயங்கிய மணிக்கணக்கு) இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். பிழைப் பதிவையும் விடாதீர்கள். ஓடியதே 4 மணி என்கிற டிஸ்க்கில் "21,000-ஆவது மணியில் பிழை" என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும் ஸ்மார்ட்சிடிஎல் சொல்லும் சீரியல் நம்பரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்திலும் போடுங்கள். பெரிய சர்வர் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போன டிஸ்க் என்றால் தனி வாங்குபவருக்கு வாரண்டி இல்லை என்றே வரும்.

எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்மார்ட்சிடிஎல்லின் மைனஸ் டி லாங் (-t long) சோதனை 8 டிபிக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் பிடிக்கும், அது படித்து மட்டுமே பார்க்கும். எழுதியும் பார்க்க பேட்பிளாக்ஸ் (badblocks) கட்டளையை மைனஸ் டபிள்யூ (-w) போட்டு ஓட்ட வேண்டும். இது டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்துவிடும், எந்த டிஸ்க் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டரைத் தட்டுங்கள். 8 டிபியில் பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் கட்டளை நின்றுவிடும். நான்கு விதமாக எழுதிப் படிப்பதால் நான்கரை நாளுக்கு மேல் ஓடும். பழைய கேபினெட்டில் காற்று போதாது. டிஸ்க்குக்கு முன்னால் ஒரு ஃபேன் வைத்து 194-ஆவது எண்ணான வெப்பத்தை 45 டிகிரிக்குள் வையுங்கள். இல்லையென்றால் "நீங்கதான் சூடாக்கிக் கெடுத்தீங்க" என்ற பதிலும் தயாராக இருக்கும். கடைசிச் சுற்று முழுக்கப் பூஜ்யம் எழுதி முடிப்பதால் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும் தனியாக அழிக்கும் வேலை இல்லை. இந்தச் சோதனை முடியும்வரை குடும்பப் போட்டோ ஒன்றுகூட அதில் ஏறக்கூடாது.

புகாரில் "டிஸ்க் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் டெக்னீஷியன், ரிமோட், டிரைவர் அப்டேட் என்று இழுத்தடித்துக் கெடுவைத் தாண்ட வைப்பார்கள். "புதியது என்று விற்றது பயன்படுத்தியது, சொன்னதும் வந்ததும் வேறு" என்றே ஆரம்பியுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து சீரியல் நம்பர் தெரியும்வரை வெட்டாத ஒரே வீடியோ, ஃபார்ம் வெளியீடு முழுவதும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக, பின்களின் குளோசப் படம். "பழைய சிஸ்டம்" பல்லவி வந்தால் வேறொரு புதிய மெஷினில் அதே டிஸ்க்கை மாட்டி, அதே 27,412 மணி தெரிவதைக் காட்டுங்கள். இங்கே பணம் திரும்பியது அந்தப் படத்துக்குப் பிறகுதான். போனில் பேசினால் ஒப்புக்கொள்வார்கள், எழுத்தில் மாற்றிச் சொல்வார்கள், ஆகவே எல்லாம் எழுத்திலேயே நடக்கட்டும்.

பழைய டிஸ்க் வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஓடிய நேரத்தை மறைக்காமல் சொல்லி, விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுத்தால் வீட்டுச் சர்வருக்கு அது நல்ல பேரம். ஆனால் ஒன்று: இரண்டை மிரராக (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்படி) போடுவதானால் ஒரே விற்பனையாளரிடம் ஒரே லாட்டில் இரண்டையும் எடுக்காதீர்கள். ஒரே ரேக்கில் ஒரே மணிக்கணக்கு ஓடியவை அடுத்தடுத்துப் போக வாய்ப்பு உண்டு. ஒன்று போனதும் புதிதாகப் போட்டதற்கு எல்லாவற்றையும் நகல் எடுக்கும் அந்தப் பல மணி நேர ஓட்டத்தில் மற்றதும் படுத்துவிட்டால், மிரர் இருந்தும் டேட்டா போய்விடும். ஒன்றை இங்கே, ஒன்றை வேறெங்காவது என்று வேறு வேறு தயாரிப்புத் தேதியில் வாங்குங்கள். முக்கியமானவற்றுக்கு இந்தச் சர்வருக்கு வெளியே இன்னொரு பிரதியும் வையுங்கள்.