பேஸ்ட்டா, ஷீட்டா, திரவ உலோகமா: ப்ராசசர் மாற்றும்போது எதைத் தடவலாம்?

போன மாதம் என் பழைய ஏஎம்டி ப்ராசசரான ரைசன் 5 2600-ஐக் கழற்றிவிட்டு, அதே ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போட்டேன். ப்ராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலரின் திருகுகளைக் கழற்றி நேரே மேலே இழுத்ததும் படக்கென்று ஒரு சத்தம். ப்ராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாக்கெட்டின் லீவர் பூட்டியது பூட்டியபடியே இருந்தது. கூலரைத் திருப்பிப் பார்த்தால் 1,331 பின்களும் மேலே பார்த்து நிற்கின்றன, ஓரத்தில் மூன்று மட்டும் சாய்ந்திருக்கின்றன. தங்கைக்குக் கொடுக்க வைத்திருந்த ப்ராசசர் அது. மெக்கானிக்கல் பென்சிலில் இருந்த லெட்டை எடுத்துவிட்டு, அதன் முனையை ஒவ்வொரு பின்னாகச் செருகி அரை மணி நேரம் நிமிர்த்தினேன். நல்லவேளை, எதுவும் உடையவில்லை.

பல வருஷம் உள்ளே கிடந்து காய்ந்து கெட்டியான தெர்மல் பேஸ்ட்தான் (ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவுவது) காரணம். அன்றிலிருந்து தெர்மல் பேஸ்ட் வாங்கும்போது நான் முதலில் யோசிப்பது, இதை மறுபடி எப்போது கழற்றப்போகிறேன் என்பதைத்தான். எத்தனை டிகிரி குறையும் என்ற கணக்கு அதற்கு அப்புறம்தான்.

ப்ராசசரின் மேல்மூடியும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு தாண்டாது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், காற்றுக்கோ வெறும் 0.026. பேஸ்ட்டின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். அதுவும் உலோகத்தோடு ஒப்பிட்டால் மோசமான கடத்திதான் என்பதால் எவ்வளவு மெல்லிசாகப் பரவுகிறதோ அவ்வளவு நல்லது.

இப்போது ட்யூபில் அச்சிடும் எண்ணுக்கு, அதாவது அதே வெப்பக் கடத்துதிறனுக்கு வருவோம். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டுக்கு வெகுகாலம் சொல்லப்பட்ட எண் 8.5. ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட்டுக்கும் அதே 8.5தான். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு.

பிடிஎம்7950 சாதாரண சூட்டில் திடமாக இருக்கும் ஒரு சாம்பல் நிறத் தாள். 45 டிகிரியைத் தொட்டதும் இளகி, கூலரின் அழுத்தத்தில் மிக மெல்லிய படலமாகப் பரவும். போட்ட உடனே அதன் முழுத் திறமை தெரியாது, நாலைந்து தடவை சூடாகி ஆற வேண்டும். பேஸ்ட்டைவிட அது ஜெயிக்கும் இடம் ஆயுள். உலோகம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வறண்டுவிடும். மேல்மூடியே இல்லாத லேப்டாப் சிப்களில் இது சீக்கிரம் நடக்கும். அங்கே நான் யோசிக்காமல் பிடிஎம்தான் சொல்வேன். ஆனால் போலி நிறைய உலவுகிறது, நம்பகமான இடத்தில் வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேல்தாள் கிழிக்காமல் உரியும்.

திரவ உலோகத்தின் எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். தெர்மல் க்ரிஸ்லியின் கண்டக்டோநாட்டுக்கு 73 என்று போட்டிருக்கிறார்கள். சோனி பிளேஸ்டேஷன் 5-இலும் திரவ உலோகம்தான். ஆனால் தொழிற்சாலையில் தடுப்புக் கட்டிப் பூசுவதும் நாம் வீட்டு மேஜையில் பூசுவதும் ஒன்றில்லை. அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும். ஏஎம்4-க்கு அடுத்த தலைமுறையான ஏஎம்5 ப்ராசசர்களின் மூடி ஓரங்களில் வெட்டுகள் இருப்பதால் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் திறந்தே கிடக்கின்றன. சாதாரண பேஸ்ட் அங்கே வழிந்தால் அழுக்கு, அவ்வளவுதான். உலோகம் வழிந்தால் ப்ராசசரே போகலாம். வீட்டு உபயோகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கிராஃபைட் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், காயாது. ப்ராசசர்களை மாற்றி மாற்றிச் சோதிப்பவர்களுக்கு நல்லது. அதுவும் மின்சாரம் கடத்தும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

5700எக்ஸுக்கு நான் எடுத்தது எம்எக்ஸ்-4. இரண்டு ப்ராசசருமே 65 வாட்தான். ஆனால் 2600-இன் சிலிக்கான் சுமார் 213 சதுர மில்லிமீட்டர், மூடிக்கு நடுவில் இருந்தது. 5700எக்ஸின் எட்டுக் கோர்களும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் சில்லில் அடங்கியிருக்கின்றன, அந்தச் சில்லும் நடுவை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதாவது சூடு சின்ன இடத்தில், ஓரமாகக் கிளம்புகிறது. நடுவில் அரிசி அளவு சொட்டு வைத்து, அது ஓரம்வரை போய்ச் சேராவிட்டால் நஷ்டம் சரியாக அந்த இடத்தில்தான். அதனால் பெருக்கல் குறி போல இழுத்து, கூலரை ஒருமுறை வைத்து எடுத்துப் பார்த்தேன். நாலு மூலையும் நனைந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அதே அளவு வைத்தேன். பரவிய பேஸ்ட்டின் மேலேயே திரும்ப வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டும். கொஞ்சம் அதிகமானால் பாதகமில்லை, உபரியைக் கூலரே ஓரத்துக்குத் தள்ளிவிடும். குறைந்தால்தான் தொல்லை.

பேஸ்ட்டோ பிடிஎம்மோ, கழற்றுவதற்கு ஒரே முறைதான். பத்துப் பதினைந்து நிமிடம் கம்ப்யூட்டரை நன்றாக வேலை வாங்கிச் சூடாக்குங்கள். அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆறுவதற்குள் திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள். மிச்சத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

தங்கையின் கம்ப்யூட்டரை இன்னும் ஐந்து வருஷத்துக்கு யாரும் திறக்கப்போவதில்லை. அதனால் அந்த 2600-க்குப் பிடிஎம்7950 ஒட்டினேன். ஆறிக் கிடக்கும்போது அது பேஸ்ட்டைவிட இறுகப் பிடிக்கும் என்பதால், "சூடாக்கிவிட்டுத் திருகு, இழுக்காதே" என்று ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.