கடன் இருக்கிறதா என்று கேட்ட முகாம்

போன மாதம் ஒரு கன்னியர் மடம் நடத்திய மூன்று நாள் தேவ அழைத்தல் முகாமுக்கு, அதாவது கன்னியராகப் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கான முகாமுக்கு, போய் வந்தேன். எங்கள் பங்கிலிருந்து நான் ஒருத்திதான். ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி மாங்குளம், அங்கிருந்து வவுனியா, பிறகு மன்னார் பஸ். போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. எனக்கு 24 வயது, முன்பள்ளி ஆசிரியை. போவதா விடுவதா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அம்மாமாரும் வாசித்தால் நல்லது.

இது எனக்கு இரண்டாவது முகாம். உயர்தரம் எழுதிய கையோடு வேறொரு கன்னியர் சபையின் முகாமுக்குப் போயிருந்தேன். பாட்டு, கைதட்டல், மெழுகுதிரி, கடைசி இரவு எல்லோரும் அழுகை. கண்ணீர் காய முன்னரே விண்ணப்பப் படிவத்தைக் கையில் தந்தார்கள். நானும் நிரப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் அந்தச் சூடு ஆறிவிட்டது. அவர்கள் போன் எடுப்பது மட்டும் ஆறு மாதமாக ஓயவில்லை. அந்தப் பயத்தோடுதான் இந்த முறை போனேன்.

இங்கே படிவம் என்ற பேச்சே எழவில்லை. முதல் நாள் பின்னேரம் பொறுப்பான சிஸ்டர் ஒவ்வொருவரையும் வேப்பமரத்தடியில் தனியாக இருத்திக் கதைத்தார். செபம் எப்படி, பூசைக்கு ஒழுங்காகப் போவதா என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, வீட்டில் யார் உழைக்கிறது? இரண்டாவது, உன் பெயரில் கடன் இருக்கிறதா?

எனக்குத் திக்கென்றது. இருக்கிறது. அம்மாவின் தையல் மெஷினுக்கும் கிணறு திருத்தவும் என் பெயரில் எடுத்த நுண்கடன். வன்னியில் இது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இருந்தாலும் சொல்ல வெட்கமாக இருந்தது. சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. அடைக்க முடியாத கடனோடு வருபவரைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி திருச்சபைச் சட்டத்திலேயே, 644ஆம் இலக்கத்தில், எழுதியிருக்கிறது என்றார். காரணம் யோசித்தபோதுதான் பிடிபட்டது. கன்னியராக வாழ்வேன் என்று கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு உழைப்பதெல்லாம் சபைக்குரியது. என் கையில் சம்பளம் இராது, தவணைக்காரர் அம்மாவின் படலையில் வந்து நிற்பார். முதல் முகாமில் இதை ஒருவரும் கேட்கவில்லை. (அப்போது கடன் இருக்கவில்லை, அது வேறு கதை.)

இரண்டாம் நாள் காலை தெளிந்து தேர்தல், அதாவது மனதில் எழுவதைச் சோதித்து முடிவெடுப்பது, பற்றி வகுப்பு. தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேருக்கு நித்திரை. சிஸ்டர், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றி, “ஷெல் பட்டுக் கட்டிலில் கிடந்த ஒருவர்” என்று தொடங்கினார். எல்லோரும் நிமிர்ந்தோம். போரைப் பார்த்த எங்கள் பக்கத்தில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. படுக்கையில் கிடந்தபடி வீரதீரக் கனவு காண்பார், காணும் மட்டும் இனிக்கும், பிறகு வெறுமை. புனிதர்களைப் போல வாழ்ந்தால் என்ன என்றும் நினைப்பார், அந்த இனிமை நினைப்பு முடிந்த பின்னும் நிற்கும். அந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டுமாம். ஆளுக்கொரு கொப்பி தந்தார்கள், ஒவ்வொரு இரவும் எது தங்கியது, எது வடிந்துபோனது என்று எழுத. மனம் வறண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவருடைய விதி. முதல் முகாமில் நான் அழுத அழுகை எந்த வகை என்று அங்கேயே விளங்கிவிட்டது.

பின்னேரம், கன்னியராவதற்கான படிநிலைகள். தொடக்கப் பயிற்சிக் காலம் சபைக்குச் சபை மாறும். நவசந்நியாசத்துக்கு, அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக்கு, 17 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விரும்பினால் வெளியேறலாம், தடையில்லை. பிறகு முதல் வார்த்தைப்பாடு, மூன்று முதல் ஆறு வருடத்துக்கு. தேவையென்றால் ஒன்பது வரை நீளலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வருத்தம் என்றால் வீட்டுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். நவசந்நியாச இல்லத்தை விட்டு 15 நாளுக்கு மேல் நின்றால் அந்த நாட்களை ஈடு செய்ய வேண்டும், மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டினால் அந்த நவசந்நியாசமே செல்லாது. பதில் அவ்வளவு நேராக வந்தது. அப்புறம் காணி. என் பெயரில் அரை ஏக்கர் இருக்கிறது, கேட்டு வரச் சொன்னது அம்மா. அவர்களுடைய சபையில் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதைப் பார்க்கும் பொறுப்பை நான் விரும்பியவரிடம் கொடுக்க வேண்டும், உரிமை என்னிடமே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது மரண சாசனம் எழுத வேண்டும். சீதனக் காணியை மடம் எழுதி வாங்கிவிடும் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது, அதற்காகவே இதை விரித்து எழுதினேன்.

குறையும் உண்டு. அனுபவப் பகிர்வில் இளம் சிஸ்டர்மார் மூன்று பேர் வரிசையாகச் சர்க்கரைத் தண்ணீர் பருக்கினார்கள். நாலாவதாக வந்த வயதானவர்தான், தான் இரண்டு தடவை பெட்டி கட்டி வைத்துவிட்டுப் பிறகு அவிழ்த்ததைச் சொன்னார். அவருக்குக் கிடைத்ததோ பத்து நிமிடம், சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டு பேருக்கு மூன்று கழிவறை. கிணற்றுத் தண்ணீர் கயர். இரவுப் புட்டும் சொதியும் நல்லது, காலைப் பாண் முதல் நாள் பாண்.

மௌன நேரத்துக்குப் போன்களை வாங்கி வைத்தார்கள். ஞாயிறு மத்தியானம் திருப்பித் தந்தபோது என்னுடையதில் ஏழு தவறிய அழைப்புகள், ஏழும் தவணைக்காரருடையவை. தவணை கட்டும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மறந்தே போனேன். எங்கள் கடன் குழுவிலுள்ள பக்கத்து வீட்டு அக்கா எனக்கும் சேர்த்துக் கட்டியிருந்தா. சிஸ்டரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, கடனை முடித்துவிட்டு வா, அது வரை மாதம் ஒரு தடவை பங்குத்தந்தையோடு கதை, கொப்பியை விடாதே என்றார். வாசல் வரை வந்து பஸ்ஸுக்குக் கையும் காட்டினார். இதுவரை ஒரு போன் வரவில்லை.

ஐந்துக்கு நான்கு தருவேன், கழிவறைக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். இன்னும் 31 தவணை எனக்கு. அடுத்த முகாம் மடு மாதா கோயில் ஆவணித் திருவிழா முடிந்த பிறகாம். போகிறவர்கள் போர்வையும் நுளம்புத்திரியும் கொண்டு போங்கள், அங்கே தருவது காணாது.