ஹாச்சி: பந்தோடு வந்து நின்ற காலை

நாய்ப் படம் என்றாலே நாய் திருடனைத் துரத்தும், குழந்தையைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்துத்தான் உட்காருவோம். 2009-இல் வந்த 'ஹாச்சி: எ டாக்ஸ் டேல்' படத்தில் ஹாச்சி அப்படி எதுவும் செய்வதில்லை. தினமும் சாயங்காலம் தன்னை வளர்க்கும் பேராசிரியருக்காக ரயில் நிலைய வாசலில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் இயக்கம், பேராசிரியராக ரிச்சர்ட் கியர். போன வாரம் ஒன்பது வயது மகளோடு இரண்டாம் முறை பார்த்தேன்.

என் மனதை விட்டுப் போகாதது அந்தப் பந்துதான். ஹாச்சி, அகிட்டா என்ற ஜப்பானிய நாய் இனம். பேராசிரியர் பந்தை வீசுவார், அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அவரே தரையில் தவழ்ந்து, பந்தை வாயில் கவ்விக் காட்டுவார். அப்போதும் அசையாது. தகுந்த காரணம் இருந்தால்தான் எடுத்து வரும் என்பார் ஜப்பானிய நண்பர். ஒருநாள் பேராசிரியர் வேலைக்குக் கிளம்பும் நேரம், தானாகவே பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பந்து கையில் இருக்கும்போதே வகுப்பில் சரிந்து விழுகிறார். அதற்குத் தெரிந்திருந்ததா? படம் வாயைத் திறப்பதில்லை. இந்த முறை பந்தோடு அது வந்த நொடியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குறை என்றால், அவர் போன பிறகு வருஷங்கள் மளமளவென்று ஓடிவிடுகின்றன. பேராசிரியருடைய மகளின் குடும்பமும் மனதில் ஒட்டவில்லை. ஆனால் அந்த மகள் கதவைத் திறந்து, போக வேண்டுமென்றால் போ என்று ஹாச்சியை விடும் இடம் அருமை. அப்புறம், பல வருஷம் கழித்து ரயிலிலிருந்து இறங்கும் பேராசிரியரின் மனைவி, அழுக்கேறித் தளர்ந்த ஹாச்சியை அதே இடத்தில் பார்க்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அங்கே நான் அழுதேன்.

கதை நிஜத்தில் ஜப்பானில் நடந்தது. டோக்கியோவில் பேராசிரியர் உவேனோவிடம் ஹாச்சி வாழ்ந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. 1925 மே மாதம் அவர் இறந்தார். 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. இந்தக் கணக்கை யோசித்தால் மனசு என்னவோ செய்கிறது.

குழந்தைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம்தான், சண்டை, ரத்தம் கிடையாது. ஆனால் பக்கத்தில் நீங்கள் இருங்கள். "அவர் வரமாட்டார்னு யாராவது அதுகிட்ட சொல்லலாமேப்பா?" என்று என் மகள் கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரே என்றேன். "அதுக்குப் புரியிற மாதிரி சொல்லலையே" என்றாள்.

மறுநாள் நான் ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் மறித்து, எங்கள் நாய் மணியிடம் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லச் சொன்னாள். குனிந்து, ஆறு மணிக்கு வந்துடுவேன்டா என்றேன். இப்போது தினமும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.