ஒரு நாள் காளான் பயிற்சி: 1,000 ரூபாய்க்குத் தகுமா?

பொள்ளாச்சி பக்கம் ஒரு தனியார் பண்ணையில் சிப்பிக்காளான் பயிற்சிக்கு ரெண்டு மாதம் முன்னால் போயிருந்தேன். கட்டணம் 1,000 ரூபாய், மதியச் சாப்பாடும் அரைக் கிலோ காளான் வித்தும் அதிலேயே அடக்கம்.

காலை முதல் ஒன்றரை மணி நேரம் சுத்த வீண். ஐடி வேலையை விட்டுவிட்டு லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவர் கதையை வீடியோவாகப் போட்டார்கள், அந்த மாதிரி யூடியூபில் பார்த்துத்தானே எல்லோரும் கிளம்பி வந்திருக்கிறோம், திரும்ப அதையே காட்டினால் எப்படி? டீ நேரத்தில் பேசியதுதான் உருப்படி. சோமனூரில் தறி ஓட்டும் ஒரு தம்பி, பக்கத்து வீட்டு அக்கா தினமும் பறித்து மளிகைக் கடைக்குப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பி.இ. முடித்த ஒரு பெண்ணுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை, ஆனால் மாட்டுக் கொட்டகை சும்மா கிடக்கிறதாம். "விவசாயம்னா பொண்ணு தரமாட்டாங்க, காளான் கம்பெனின்னா தருவாங்க" என்றார் இன்னொருவர், பாதி விளையாட்டாக.

செய்முறை அருமை. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து வேகவைத்து ஆறப்போட்டு, கையில் பிழிந்தால் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும், அந்தப் பதத்தைப் பண்ணைக்கார அண்ணன் ஒவ்வொருத்தர் கையிலும் வைத்துக் காட்டினார். இதை எந்த வீடியோவும் தராது.

விற்பனைக்குப் பத்தே நிமிடம். பறித்த அன்றோ மறுநாளோ விற்றாக வேண்டிய சரக்கு, மிஞ்சினால் என்ன செய்வது என்று கேட்டதற்கு "சூப் பவுடர் போடுங்க, மானியம் இருக்கு" என்று அண்ணன் நழுவிவிட்டார். மானியம் இருப்பது உண்மைதான், மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீதம், 10 லட்சம் வரை தருகிறார்கள். மீதிக்குக் கைக்காசும் கடனும்தானே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கொடுத்த வித்தில் மூன்று பெட் (வைக்கோலும் வித்தும் அடைத்த பை) போட்டேன். ஒன்றில் பச்சைப் பூஞ்சை வந்துவிட்டது, போன் செய்தால் உடனே எடுத்தார், போட்டோ கேட்டார், வைக்கோலில் ஈரம் கூடிப்போச்சு என்றார். மற்ற இரண்டிலும் நன்றாகவே வந்தது, வீட்டிலேயே தீர்ந்துவிட்டது.

5-க்கு மூன்றரை கொடுக்கலாம். போகிறவர்கள் பதினொரு மணிக்குப் போனால் போதும்.