துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் தராத கல்லடி மருந்துக் கடை

கடந்த மாரியில் ஒரு பின்னேரம், ஆறு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள், மகள் கைபேசியில் எழுதி அனுப்பிய பெயரைக் காட்டி, “இந்த அமொக்சிசிலின் பாணி ஒரு போத்தல் தாங்க மகள்” என்று மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். மருந்தாளராக நின்ற இளம் பெண் போத்தலை எடுக்கவில்லை. “துண்டு இருக்கா ஐயா?” என்று வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டைக் கேட்டார். இல்லை என்றதும், “துண்டு இல்லாம அன்ரிபயோட்டிக் தர ஏலாது. பிள்ளைக்கு என்ன செய்யுது எண்டு முதல்ல சொல்லுங்க, பாப்பம்” என்று ஒரு சிறு கொப்பியைத் திறந்தார். அன்று முதல் ஏறக்குறைய ஓராண்டாக எங்கள் வீட்டு மருந்துகளை அங்கேதான் வாங்குகிறேன். தமது கடையின் பெயர் விளம்பரம் போல வருவதை உரிமையாளர் விரும்பவில்லை. ஆகவே பாலத்தைக் கடந்து, பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றில் அது இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காய்ச்சல் எத்தனை நாள், பிள்ளையின் நிறை எவ்வளவு, கடைசியாகச் சலம் போனது எப்போது, வாந்தி உண்டா, மூச்சு இழுக்கிறதா, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறை 16 கிலோ என்றதும் கணக்குப் பார்த்து, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பரசிற்றமோல் பாணியை ஒரு வேளைக்கு 10 மில்லிலீற்றர் என்று குறித்தார். தேக்கரண்டியால் அளக்க வேண்டாம், வீட்டுக்கு வீடு கரண்டியின் அளவு வேறு என்று சொல்லி, ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிறிஞ்சு ஒன்றைக் கொடுத்து, அதில் இரண்டு தடவை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது என்று உறையின் மேல் தமிழில் எழுதினார். மாரி காலத்தில் வரும் காய்ச்சல் டெங்கு அல்ல என்று தெரியும்வரை இபுபுரோபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எதையும் கொடுக்கக் கூடாது, பின்வழியாக வைக்கும் டைக்குளோபெனாக் மருந்தும் அப்படியே என்று இரண்டு முறை சொன்னார். அவை இரத்தம் உறையும் தன்மையைக் குறைப்பதாலும் இரைப்பையைப் புண்ணாக்குவதாலும் டெங்கில் குருதிப்பெருக்குக்கு வழிவிடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டச் சொன்னார். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மனம் ஆறும் அந்த ஓரிரு நாட்களில்தான் டெங்கு மிக ஆபத்தானது, வயிற்றுநோவு, தொடர்ந்த வாந்தி, சோர்வு, சலம் குறைதல் கண்டால் நேரம் பார்க்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். பாணி, சிறிஞ்சு, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசலான ஜீவனியில் இரண்டு பொதி: அவ்வளவுதான் நான் வாங்கியது. மூன்றாம் நாள் செய்த பரிசோதனை முடிவைப் பார்த்த வைத்தியர் டெங்கு இல்லை, வேறு வைரசுக் காய்ச்சல் என்றார். நான்காம் நாள் அது தானாகவே விட்டது.

முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில், அந்த மறுப்பு ஏன் சரியானது என்பதைக் கொஞ்சம் விரித்து எழுத விரும்புகிறேன். பற்றீரியா தனக்கென்று கலம் உள்ள உயிர். அதற்குக் கலச்சுவர் உண்டு, தன் புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் இறைபோசோம் உண்டு. அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அசித்ரோமைசின் போன்றவை புரத ஆக்கத்தை நிறுத்துகின்றன. வைரசுக்குச் சுவரும் இல்லை, இறைபோசோமும் இல்லை. அது எமது கலத்துக்குள் புகுந்து, எமது கலத்தின் பொறிகளையே தனக்கு வேலை செய்ய வைக்கிறது. ஆகவே தடிமனுக்கும், இன்புளுவென்சாவுக்கும், டெங்குக்கும், பெரும்பாலான தொண்டை நோவுக்கும் அன்ரிபயோட்டிக் குடிப்பதால் அந்த நோய்க்கு ஒன்றும் ஆகாது. அடி வாங்குவது எமது குடலிலும் தோலிலும் குடியிருக்கும் பற்றீரியாக்களே. அவற்றுள் மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. அத்துடன் அவை தமது எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டீ.என்.ஏ. வளையங்களில் வைத்துப் பக்கத்தில் இருக்கும் வேற்றினப் பற்றீரியாவுக்கும் கையளிக்கின்றன. ‘மருந்துக்கு உடம்பு பழகிப்போச்சு’ என்று எம்மவர் சொல்வதுண்டு. பழகுவது உடம்பு அன்று, கிருமி. அதனால்தான் வாழ்நாளில் அன்ரிபயோட்டிக் தொட்டறியாத ஒருவரையும் மருந்துக்கு மசியாத கிருமி பிடிக்கலாம்.

இது எனக்குப் பாடப்புத்தக விடயமாக மட்டும் இருந்திருந்தால் ஒரு கடையைப் பற்றி இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குச் சலக்கடுப்பு வந்தபோதெல்லாம், வேறொரு கடையில் துண்டும் இல்லாமல், கேள்வியும் இல்லாமல், சிப்ரோபுளொக்சசின் குளிசை ஆறு எண்ணி வெட்டிக் கொடுத்தார்கள். உறையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்பதைக் குறிக்கும் இரண்டு கோடுகளைத் தவிர எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எரிவு நின்றதும் மிச்சத்தை எடுத்துவைப்போம், அடுத்த முறை அதையே குடிப்போம். நான்காவது தடவை நடுக்கத்தோடு காய்ச்சலும் இடுப்புநோவும் வந்து ஆசுபத்திரியில் படுத்தபோது, சலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த அறிக்கையை நான் இன்றும் வைத்திருக்கிறேன். ஈ.கோலை என்ற கிருமியின் பெயருக்குக் கீழே மருந்துகளின் வரிசை, அவற்றுள் வாயால் குடிக்கக்கூடிய பெரும்பாலானவற்றுக்கு நேரே ‘எதிர்ப்பு’ என்ற குறி. பெனிசிலின் இனத்தையும் அதற்கு அடுத்த செபலோஸ்போரின் இனத்தையும் வெட்டிச் சிதைக்கும் நொதியை அந்தக் கிருமி சுரந்துகொண்டிருந்தது. மெரோபெனம் என்ற மருந்தை நாளத்தில் நாளுக்கு மூன்று முறை ஏற்றித்தான் அவரை எழுப்ப முடிந்தது. அந்த ஆறு குளிசைகளே காரணம் என்று திட்டவட்டமாகச் சொல்ல இயலாது. எனினும் திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக் எடுத்திருப்பது இத்தகைய தொற்றுக்கு நன்கு அறியப்பட்ட ஏது என்று வைத்தியர் விளக்கியபோது எனக்குத் தலை நிமிரவில்லை. மருந்துக்கு எதிர்ப்புள்ள பற்றீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, எவரும் கடையில் வாங்கக்கூடிய காலம் வரலாம், அப்போது அறியாதவர்கள் அளவு குறைத்து எடுத்துக் கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார்.

இனி, துண்டோடு போனால் அந்தக் கடை எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பேத்திக்குக் காதில் சீழ் வைத்து வைத்தியர் அமொக்சிசிலின் பாணி எழுதியபோது, பொடி நிரம்பிய போத்தலை அப்படியே கையில் தராமல், மருந்தாளர் என் கண் முன்னாலேயே கலந்தார். முதலில் போத்தலைத் தட்டிப் பொடியைத் தளர்த்தினார். கொதித்தாறிய நீரைக் குறியீட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்கினார். நுரை அடங்கும்வரை போத்தலை மேசையில் வைத்துவிட்டு அடுத்தவருக்கு மருந்து எண்ணினார். பின்பு வந்து, குறியீடு வரை மீண்டும் ஊற்றிக் குலுக்கினார். நுரையோடு அளந்தால் நீர் குறைந்து மருந்து தடித்துவிடும் என்பது அதன் காரணம். மேலே ஒட்டிய தாளில் பிள்ளையின் பெயர், வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாள், எந்தத் திகதிக்குப் பின் ஊற்றிவிட வேண்டும் என்று நான்கு வரி, எல்லாம் தெளிவான தமிழில். வைத்தியர் சொன்ன நாள் முடியுமுன் நிறுத்தவும் வேண்டாம், மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கு வைக்கவும் வேண்டாம் என்றார். கோடு இரண்டு கீறிய அந்தப் பழைய உறை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பணம் செலுத்தும் இடத்தில், உலக சுகாதார நிறுவனம் 2017இல் வகுத்த மூன்று நிறப் பிரிவை ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பச்சையில் அமொக்சிசிலின் போல முதலில் எடுக்க வேண்டியவை, மஞ்சளில் சிப்ரோபுளொக்சசின், அசித்ரோமைசின், மெரோபெனம் போல எதிர்ப்பு எளிதில் உருவாகக் கூடியதால் கவனத்தோடு கொடுக்க வேண்டியவை, சிவப்பில் கொலிஸ்டின் போல வேறு வழியற்ற நோயாளிக்கென ஒதுக்கி வைத்தவை. இந்த அட்டையைப் பார்த்த பின்புதான், சலக்கடுப்புக்கு நாங்கள் எண்ணி வாங்கிய குளிசை மஞ்சளில் இருப்பது எனக்குத் தெரிந்தது. கோழிக்குச் சுகமில்லை, தண்ணீரில் உடைத்துப் போட இரண்டு கப்சியூல் தாருங்கள் என்று ஒருவர் கேட்டதையும், கால்நடை வைத்தியரிடம் போகச் சொல்லி அவரை அனுப்பியதையும் ஒருநாள் பக்கத்தில் நின்று கண்டேன்.

ஆயினும் எல்லாக் காய்ச்சலும் தானாக விடுகிற காய்ச்சல் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படுவான்கரையில் வயல் செய்யும் எனது உறவினர் ஒருவருக்குச் சலரோகம் உண்டு. பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு, பத்து நாளாகக் காய்ச்சலும், காலில் ஆறாத புண்ணுமாக இருந்தவர், இடையில் இரண்டு விதமான அன்ரிபயோட்டிக்கை வாங்கிக் குடித்தும் பயனில்லாமல் இந்தக் கடைக்கு வந்தார். மருந்தாளர் அவருக்கு எதையும் விற்கவில்லை. வயல், சலரோகம், ஆறாத புண், நீண்ட காய்ச்சல் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, குடித்த மருந்துகளின் பெயரையும் சேர்த்து, அன்றே ஆசுபத்திரிக்குப் போய் அதைக் காட்டச் சொன்னார். அங்கே இரத்தக் கல்ச்சரில் மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தது. சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் இந்நோய் மட்டக்களப்பில் புதியதன்று. மழைக்காலத்தில் கூடுவது, சலரோகம் உள்ளவரைப் பெரிதும் தாக்குவது. அந்தக் கிருமி பெனிசிலின், அம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற பலவற்றுக்கு இயல்பிலேயே மசியாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனத்தைக் குறைந்தது பத்து நாட்களாவது நாளத்தில் ஏற்றி, அதன்பின் கோட்ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதமாவது தொடர வேண்டும். கடையில் எண்ணி வாங்கும் குளிசை இந்நோயில் நாட்களைத் தின்றுவிடும். அந்த நாட்கள்தாம் உயிர். உறவினர் இப்போது குளிசைக் காலத்தை முடித்துவிட்டார். முழங்கால் வரை சப்பாத்து அணியாமலும் புண்ணை மூடாமலும் வயலில் இறங்குவதில்லை.

எலிக்காய்ச்சலும் அப்படியே. அதுவும் பற்றீரியாவால் வருவதுதான், அதற்கு உரிய நேரத்தில் அன்ரிபயோட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் முன்தடுப்பாகக் கொடுக்கப்படுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக. அதைக் கேட்டு வருகிறவர்களையும் இந்தக் கடை தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமே அனுப்புகிறது. தனக்கு வரக்கூடிய வியாபாரத்தை அரசாங்கம் இலவசமாகச் செய்யும் இடத்துக்குத் திருப்பிவிடுகிற கடை வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் கை கழுவும் தொட்டியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறார்கள். வயிற்றோட்டம் உள்ள வீட்டுக்கென்று விலை கூடிய மதுசாரக் கைத்திரவம் கேட்ட ஒரு தாயிடம், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் நோரோ போன்ற வைரசுகளிடம் அது நன்றாக எடுபடாது, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் இருபது செக்கனும் போதும் என்று சொன்னார்கள். அவர் ஜீவனிப் பொதி மட்டும் வாங்கிப் போனார்.

குறைகளும் உண்டு. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரே இருப்பதால், அவர் மதியம் சாப்பிடப் போகும் வேளையில் துண்டு வைத்திருந்தாலும் காத்திருக்க வேண்டும். ஒருமுறை நாற்பது நிமிடம் நின்றேன், இருக்க ஒரேயொரு கதிரைதான். சட்டப்படி அதுவே சரி, ஆனால் இரண்டாவது மருந்தாளர் ஒருவரை வைப்பது உரிமையாளருக்கு இயலாத காரியம் அல்ல. இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். குழந்தைக் காய்ச்சல் பெரும்பாலும் அதற்குப் பின்புதான் ஏறுகிறது, ஆகவே பரசிற்றமோலையும் ஜீவனியையும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைப்பது நல்லது. விலை உயர்ந்த சில இறக்குமதி மருந்துகள் அங்கே கிடைப்பதில்லை, நகரத்துக்குள் போகத்தான் வேண்டும். எல்லாவற்றிலும் எனக்கு மனவருத்தம் தருவது வாசலில் உள்ள உயரமான இரண்டு படிகள். முழங்கால் நோவோடு வரும் என் மனைவி கீழே நின்று கூப்பிட, மருந்தாளர் இறங்கி வந்து ஒழுங்கையிலேயே நின்று அவரிடம் கேள்விகளைக் கேட்கிறார். போன கிழமை உரிமையாளரிடம் ஒரு கைப்பிடியாவது போட்டுத் தாருங்கள் தம்பி என்று சொன்னேன். மாரிக்கு முன் செய்துவிடுகிறேன் ஐயா என்றிருக்கிறார்.