அக்கா தம்பி கேஸ்ல அமெரிக்கா அனுப்புறேன்னு சேலத்துல யாராச்சும் சொன்னா, பணம் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ரொம்ப நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன், வெளிய சொன்னா நம்மளத்தான் ஏமாளிம்பாங்கன்னு வீட்டுல ஒரே தடை. ஆனா போன வாரம் செவ்வாய்ப்பேட்டைல வெள்ளி வாங்கப் போனப்ப கூட தொழில் பண்றவரு ஒருத்தரு, "நம்ம தங்கச்சி அங்க சிட்டிசன் ஆயிருச்சு, அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒருத்தரு ஏழே வருஷத்துல கூப்பிட்டுக்கலாம்ங்கிறாருங்க"ன்னாரு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அதே ரோடு, அதே பேச்சு.

எனக்கு சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை. அக்கா நியூ ஜெர்சில இருக்கா, 2009ல சிட்டிசன் ஆனா. சிட்டிசன் ஆனவங்க கூடப்பொறந்தவங்களை அங்க குடியேறக் கூப்பிட்டுப் போடுற மனுவை எஃப் 4னு சொல்லுவாங்க, அதுக்கு ஐ-130ன்னு ஒரு ஃபாரம். மாமாவுக்குத் தெரிஞ்சவங்க மூலமா ஒரு கன்சல்டன்ட் அறிமுகமானாரு, பேக்கரி மாடில ஏசி போட்ட ஆபீஸ், செவுத்துல பெரிய உலக மேப். 2010 ஆடில நானும் வீட்டுக்காரியும் ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போயி உக்காந்தோம். எல்லாம் சேத்து 85,000ன்னாரு. குடுத்துட்டோம். அன்னைக்கு அந்த ஃபாரத்துக்கு கவர்மென்ட் ஃபீஸ் 355 டாலர், டாலர் 46, 47 ரூவா, கணக்குப் போட்டா பதினேழாயிரம் கூட வராது. இது எனக்குத் தெரிஞ்சது இப்பத்தான்.

ஒரு மாசம் கழிச்சு ரசீதுன்னு ஒரு பேப்பர் குடுத்தாரு, மேல கழுகு முத்திரை, மூணு எழுத்து பத்து நம்பர். "தம்பி, இதை அடிக்கடி கம்ப்யூட்டர்ல தட்டிப் பாக்காதீங்க, ஃபைல் லாக் ஆயிரும்"னாரு. நம்புனேங்க. டச், அதான் வெள்ளியோட சுத்தம், அதைப் பாக்காம ஒரு கிராம் வாங்க மாட்டேன், அந்த நம்பரை மட்டும் 14 வருஷம் தட்டிப் பாக்கல.

இதுல மாட்டுனது எப்படின்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. லேட் ஆகும்னு அந்தாளு பொய் சொல்லல, அது நெசம். உலகம் பூரா இந்த கேட்டகிரிக்கு வருஷம் 65,000 விசாதான், அதுலயே பொண்டாட்டி புள்ளைங்களும் அடக்கம், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வேற மூடி போட்டிருக்காங்க. மாசா மாசம் விசா புல்லட்டின்னு ஒண்ணு வரும், 2024ல பாத்தப்ப அதுல இந்தியாவுக்கு எஃப் 4 தேதி 2006லதான் நின்னுச்சு. 2006ல போட்டவங்களையே அப்பத்தான் கூப்பிட்டாங்க. அப்ப அவன் ஒழுங்கா போட்டிருந்தாலும் இன்னைக்கு எங்க முறை வந்திருக்காது. பதினஞ்சு இருபது வருஷம் எதுவும் நடக்காதுன்னு தெரிஞ்சா எவன் போயி ஏன் நடக்கலன்னு கேப்பான்? அந்த இடத்துலதான் அவன் கடை போட்டிருக்கான்.

நடுவுல 2018ல கூப்பிட்டாரு, ஃபாஸ்ட் டிராக் வந்திருக்கு, மும்பை கான்சுலேட்ல நம்ம ஆளு இருக்காரு, 1,40,000 ஆகும்னு. எங்கம்மா வளையலை அடகு வெச்சுக் குடுத்தேன். கூடப்பொறந்தவங்க கேஸ்ல காசு குடுத்து முன்னாடி போற வழின்னு எதுவுமே கெடையாதுங்க. கூடக் காசு கட்டி ஃபாரத்தை சீக்கிரம் பாக்க வெக்கிற பிரீமியம் வசதியே ஐ-130க்கு இல்ல, அப்படியே ஃபாரத்தை சீக்கிரம் அப்ரூவ் பண்ணுனாலும் வரிசை நகராது, போட்ட தேதிதான் உங்க டோக்கன். அப்புறம் கொரோனால எல்லாம் நின்னுபோச்சுன்னாரு, அதுவும் பாதி நெசம்தான், அதனால அதையும் நம்புனோம். 2022ல மெடிக்கல், போலீஸ் சர்டிபிகேட்டுன்னு 60,000. அந்த ஸ்டேஜ் நெசமாவே வந்தா விசா ஃபீஸ் ஆளுக்கு 325 டாலர், அதை அமெரிக்க கவர்மென்ட் சைட்லயே நாம கட்டணும், மாடி ஆபீஸ்ல ரொக்கமா எண்ணி வெக்கிறது இல்ல.

2024 கோடை லீவுக்கு அக்கா மக வந்திருந்தா. ராத்திரி எல்லாரும் தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு இருக்கோம், "மாமா உங்க கேஸ் நம்பர் குடுங்க"ன்னா. பீரோல இருந்து அந்தப் பேப்பரை எடுத்தேன், லேமினேட் பண்ணி வெச்சிருந்தேன். ஃபோன்ல அமெரிக்க கவர்மென்ட் சைட்ல போட்டுப் பாத்தா நம்பர் நெசமான நம்பர்தான். ஆனா அது ஐ-90, எவனோ ஒருத்தன் கிரீன் கார்டைப் புதுப்பிக்கப் போட்டது, கார்டு அனுப்பியாச்சுன்னு காட்டுது. புள்ள மூஞ்சியே மாறிருச்சு. அக்காவுக்கு ஃபோன் போட்டோம், உனக்கு ஒரு லெட்டராச்சும் வந்துச்சான்னு கேட்டா, இல்லடா, வக்கீல் அட்ரஸ் குடுத்திருக்குன்னு அவரு சொன்னாரேங்கிறா.

இந்த ஒண்ணை மட்டும் புடிச்சுக்கோங்க. போடுறது அங்க இருக்கிற சிட்டிசன், நாம இல்ல. ஃபீஸ் அவங்க டாலர்ல கவர்மென்ட்டுக்குக் கட்டணும். வக்கீல் வெச்சாலும் வெக்காட்டியும் ரசீது அவங்க வீட்டுக்கு வரணும், ஆன்லைன்ல போட்டா அவங்க அக்கவுண்ட்ல தெரியணும். அந்த நம்பரைத் தட்டுனா ஐ-130ன்னு வரணும். யாரு வேணா எத்தனை தடவை வேணா பாக்கலாம், ஒண்ணும் லாக் ஆகாது.

மறுநாள் போனா மாடில ஆளே வேற, செல்ஃபோன் சர்வீஸ். புகார் குடுக்கப் போன எடத்துல எங்களை மாதிரி இன்னும் ரெண்டு குடும்பம். அதுல ஒருத்தரோட அண்ணன் கிட்ட வெறும் கிரீன் கார்டுதான் இருக்கு, சிட்டிசனே இல்ல. அவரால கூடப்பொறந்தவங்களுக்குப் போடவே முடியாது. அதுக்கும் அட்வான்ஸ் வாங்கியிருக்கான் பாருங்க. விசாரணை போயிட்டு இருக்கு, அதான் பேரு போடல.

2,85,000 போனது போகட்டும்ங்க. ரெண்டு ஆடி சீசன் ராப்பகலா கொலுசு செஞ்சா சம்பாரிச்சுக்கலாம். 2013ல பட்டறைக்குப் பக்கத்துலயே ஒரு எடம் வந்துச்சு, எப்படியும் போகத்தானே போறோம்னு விட்டேன், இன்னைக்கு அந்தப் பக்கம் விலை கேக்கவே பயமா இருக்கு. பையனுக்கு இப்ப இருவது ஆச்சு. 21 தாண்டுனா பொதுவா குழந்தைக் கணக்குல வர மாட்டாங்க, ஐ-130 அங்க பெண்டிங்ல கெடந்த காலத்தை மட்டும் வயசுல கழிப்பாங்க. 2010லயே போட்டிருந்தா ஒருவேளை அந்தக் கழிவுல தப்பிச்சிருப்பான், ஒருவேளை மாட்டான். இப்ப அந்தக் கேள்விக்கே எடமில்ல. அவன்கிட்ட இதைச் சொன்னப்ப, "சரிப்பா, நான் கோயமுத்தூர்ல இன்டர்ன்ஷிப் பாத்துக்கிறேன்"னு மட்டும் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

அக்கா விடல, அந்த மாசமே அவளே உக்காந்து ஆன்லைன்ல போட்டா, 625 டாலர், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது. ரெண்டு பேரு பொறப்புச் சான்றிதழ்லயும் அப்பா இல்ல அம்மா, ஒருத்தர் பேராச்சும் ஒண்ணா இருக்கணும், எனக்கு இனிஷியல் ஒரு மாதிரி அவளுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அதைச் சரி பண்ணத்தான் கார்ப்பரேஷனுக்கு நாலு நடை. இப்ப எங்க தேதி 2024. எனக்கு 48 வயசு, கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

செவ்வாய்ப்பேட்டைக்காரரு நேத்து ஃபோன் பண்ணி, ஆபீஸ்ல ரசீது நம்பரு கேட்டேன், அடுத்த வாரம் தர்றேங்கிறாங்கன்னாரு. தங்கச்சிக்கு லெட்டர் வந்துச்சான்னு கேளுங்கன்னேன். கேக்கிறேன்னு வெச்சுட்டாரு.